ஓரத்தில் எழுதிய தண்ணி

பேசிப் பிழைத்தவளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? மீனைத் தூக்கித் தரையில் போட்டு, நல்லா மூச்சு விட்டுக்கோ என்று சொன்ன மாதிரி இருக்கும். அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது.

தொண்டை டாக்டர் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். "கடுகளவு கட்டிதாம்மா. எடுத்தாச்சு. முப்பது நாள் பேசக் கூடாது, அவ்வளவுதான். கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

அக்கா கையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக் காட்டினாள்: "தும்மலாமா?"

"தும்மலாம். திட்டக் கூடாது."

அன்றிலிருந்து அந்த நோட்டும் ஒரு பென்சிலும்தான் அவளுக்கு வாய்.

சொந்தத்துக்கு அக்கா என்றால் ஒருத்திக்குத்தான் அவள் அக்கா. ஆனால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வானொலியில் 'அக்காவிடம் கேளுங்கள்' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தாள். மாமியார் தொல்லையா, மகன் படிக்கவில்லையா, புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லையா, எழுதிப் போடு, அக்கா பதில் சொல்வாள். அது பத்திரிகைக்குப் போய் வாரம் ஒரு பக்கம் ஆனது. அப்புறம் தொலைக்காட்சி. நடுவில் கதை எழுதினாள், நாவல் எழுதினாள், வானொலி நாடகம் நூறுக்கு மேல் எழுதி அதில் கிழவியாகவும் குழந்தையாகவும் அவளே பேசினாள். இரண்டு சினிமாவுக்கு வசனம். ஒரு சோப்புக்கு விளம்பரம். பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டாலும் எழுதுவாள், இரங்கல் செய்தி கேட்டாலும் எழுதுவாள். ஆள்தான் வேறே, கை ஒன்றுதான். கட்டிக்கொண்டவர் பத்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் காது கேட்காத மாதிரி இருக்கப் பழகி, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அவள் வேலை செய்கிற விதம் தனி. பழைய நிகழ்ச்சித் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். எழுதும்போதே வாய்க்குள் படித்துப் பார்ப்பாள். எந்த இடத்தில் தொண்டை அடைக்குமோ, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் 'தண்ணி' என்று குறித்துவைப்பாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தி ஒரு மிடறு குடிக்க வேண்டும் என்று அர்த்தம். கேட்கிறவர்கள், ஐயோ, அக்கா அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து அங்கே அழுவார்கள். தொழில் என்றால் அது தொழில்.

அந்தப் பென்சில் கிறுக்கலை முப்பது வருஷமாகத் தட்டச்சு அடித்துக் கொடுப்பவள் தங்கச்சி. வேறு ஒருத்தருக்கும் அந்தக் கையெழுத்து விளங்காது. ஓரத்துத் தண்ணியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிப்பாள். அச்சில் போகும் புத்தகத்துக்குத் தண்ணி எதற்கு? முப்பது வருஷத்தில் அவள் அடித்ததில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவன் கிடையாது. கண்டுபிடித்தால் ஒரு வேளை பட்டினி கிடக்கிறேன் என்று சொல்வாள். ஒரு நாளும் கிடந்ததில்லை.

நாற்பது வருஷம் நிறைந்ததற்கு வானொலி நிலையத்தில் அக்காவின் வாழ்க்கைக் கதையைக் கேட்டார்கள். பத்துப் பாகம், நாளுக்கு ஒன்று. பதினோராவதாக ஒரு நாள், நேயர்கள் போனில் கேட்கிற கேள்விக்கு நேரடிப் பதில். அக்கா ஆறு மாசம் உட்கார்ந்து எழுதினாள். கதை, நாடகம் எல்லாம் பிறத்தியார் பாடு, இதுதான் தன் பாடு, போகிற காலத்தில் விட்டுப்போகிற ஒரே சொத்து என்று நினைத்து எழுதினாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என் வாழ்க்கையை என் குரல்தான் சொல்லும், வேறு ஆள் படிக்கக் கூடாது. எழுதி முடித்த நேரம் பார்த்துத் தொண்டையில் கட்டி.

"நீங்க குணமாகி வாங்கக்கா. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, பழைய பாட்டைப் போட்டு ஓட்டிக்கிறேன். என் குழந்தைங்க மேல சத்தியம்" என்றான் தயாரிப்பாளர். கேட்காமலே சத்தியம் செய்கிறவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் பார்க்கணும். அக்கா பார்க்கவில்லை. கட்டுத் தாளைத் தங்கச்சியிடம் அடிக்கக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பதினைந்தாம் நாள் தொண்டையைக் காட்டப் போனாள். காத்திருக்கிற அறையில் ஏழெட்டுப் பேர். மேக்கப் இல்லாத முகம், பேச்சில்லாத வாய், கழுத்தில் ஒரு துண்டு. பெற்றவள் எழுந்து வந்தாலும் அடையாளம் தெரியாது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டு எழுதுகிற பெண்ணின் மேஜையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. "அக்காவின் கதை, முதல் பாகம்" என்றது ஒரு குரல்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

அக்கா எழுந்தே விட்டாள். எழுந்து என்ன செய்ய? கத்த முடியாது. திரும்ப உட்கார்ந்தாள். அவள் சின்ன வயசில் தங்கிப் படித்த விடுதி, விடுதியின் இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பி எல்லாம் அடுத்தவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. வீடு பூட்டியிருக்கும்போது உள்ளே எவளோ நம் புடவையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிற மாதிரி.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தண்ணி போட்டுவிட்டு விடுதிக்கு வருவார். அவர் மேல் கிராம்பு வாசம் வீசும்" என்றது குரல்.

காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்து ஆளிடம் திரும்பினாள். "என்ன சொன்னா?"

"அப்பன் தண்ணி போட்டுட்டு வருவானாம்."

"அட பாவமே. அந்த அப்பாவைப் பத்தித்தானே எப்பப் பார்த்தாலும் பெருமையாப் பேசும்?"

"ஊருக்கு உபதேசம், உன் வீட்ல என்னன்னு கேட்டா உதட்டுல விரல். எல்லாம் அப்படித்தாம்மா."

அக்கா நோட்டைத் திறந்து 'பொய்' என்று எழுதினாள். யாருக்குக் காட்ட? காட்டினால் பைத்தியம் என்பார்கள். அந்தத் தாளைக் கிழித்துக் கைக்குள் கசக்கி வைத்துக்கொண்டாள். டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வெளியே போனாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். 'கிராம்பு வாசம்' என்பது அக்கா எழுதியதிலேயே பேர்போன கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைச் சட்டை போட்டு, கிராம்பு மணக்க மணக்க மகளைப் பார்க்க வரும் அப்பா. அதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் அவளுக்குக் கிராம்புப் பொட்டலம் அனுப்பியது. ஒரு மேஜை டிராயர் நிறைய இன்னும் கிடக்கிறது. அந்த அப்பாவைத்தான் இப்போது குடிகாரன் என்று சொல்லியாகிவிட்டது.

நிலையத்துக்கு வண்டியில் போகும்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்ட மாதிரி இருந்தது. அந்தக் கிராம்பு வரிக்கு நேரே ஓரத்தில் 'தண்ணி' என்று எழுதியிருந்தாள். எவனோ விவரம் கெட்டவன் பென்சில் தாளைத் திருடிப் படித்திருக்கிறான், ஓரத்துத் தண்ணியை வரிக்குள் ஊற்றிவிட்டான். தங்கச்சிக்கு இதில் பங்கிருக்காது. அவளுக்கா தெரியாது ஓரத்துத் தண்ணி? அந்த நினைப்பு மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தயாரிப்பாளர் எழுந்து நின்றான். "வாங்கக்கா. கேட்டீங்களா? நல்லா வந்திருக்குல்ல?"

அக்கா நோட்டை அவன் மேஜையில் அறைந்தாள். "யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்."

அவள் பக்கம் முழுக்க ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"என்னக்கா இது. உங்க தங்கச்சி வந்து கொடுத்தாங்க. அக்காவுக்குக் குரல் எப்ப வருமோ சொல்ல முடியல, வேற யாராவது படிக்கட்டும்னுட்டா, ஆரம்பிச்சிடுங்கன்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனா உங்களுக்குப் போன் போட்டா நீங்க பேச முடியாதே?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு துணைக்கு ஆள் கிடைக்காமல் பாதியில் நின்றது.

தாளைக் கொடுத்தான். பென்சில் தாள் இல்லை. சுத்தமாக அடித்த தாள். தங்கச்சியின் மிஷினில் 'ர' மட்டும் அரை நூல் கீழே இறங்கி உட்காரும். இதிலும் இறங்கி உட்கார்ந்திருந்தது. 'அப்பா தண்ணி போட்டுவிட்டு விடுதிக்கு வருவார்.' அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"மீதி ஒன்பது பாகத்துல ஏதாவது மாத்தணுமாக்கா? கேள்வி-பதிலை மட்டும் நீங்க பேச ஆரம்பிக்கிற முப்பத்தொண்ணாம் நாளுக்கு வெச்சிருக்கேன்."

அக்கா வரிசையாகப் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் ஓர் எழுத்து மாறவில்லை. மாறியது இந்த ஒரு வரிதான்.

தங்கச்சி இருப்பது ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில், இரண்டு அறை. கீழே தையல் மிஷின் ஓடும், மேலே எழுத்து மிஷின் ஓடும், எது எதன் சத்தம் என்று தெருவுக்குத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்.

கதவைத் திறந்ததும் அக்காவின் மூஞ்சியைப் பார்த்தாள். "கேட்டுட்டியா? உட்காரு" என்றாள். மிஷினுக்கு முன்னால் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா எழுதினாள்: "நீயா?"

"நான்தான்."

"ஓரத்தில் இருந்த தண்ணி. தெரியாமல் உள்ளே போட்டுவிட்டாயா?" ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி நோட்டை நீட்டினாள்.

தங்கச்சி அதைப் படித்துவிட்டுத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தாள்.

"அது உன் தண்ணி இல்லக்கா. அப்பா தண்ணி."

கீழே தையல் மிஷின் நின்று மறுபடி ஓடியது.

"உன்னை விடுதியில சேர்த்தப்ப உனக்குப் பதிமூணு, எனக்குப் பத்து. ஒருத்தியத்தான் அனுப்ப முடியும்னாங்க. நீ நல்லாப் பேசுவ, உன்னை அனுப்பினாங்க. அதுல எனக்கு வருத்தம் இருந்துச்சு, இப்ப இல்ல. நீ வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவ. நீ வர்ற நாள்ல அம்மா அவரை எப்படியாவது நிறுத்தி வெச்சிருப்பா. மத்த நாள் யாரு பார்த்தா? நான் பார்த்தேன். அந்தாளு எங்க விழுந்து கெடக்காருன்னு போய்த் தேடி, முதல்ல செருப்பை எடுத்துப் பையில போட்டுக்குவேன், அப்புறம் ஆளை எழுப்புவேன். செருப்பு தொலைஞ்சா அம்மா அழுவா."

அக்கா வேகமாக எழுதினாள்: "பொய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். வெள்ளைச் சட்டை."

"சட்டைய தேய்ச்சது யாரு? கை நடுங்கும்னு சவரம் பண்ணிவிட்டது யாரு? ஒரு தரம் கன்னத்துல கீறிட்டேன், நீ அதைக்கூடக் கதையில எழுதின, அப்பா அவசர அவசரமா கிளம்பி வந்தார்னு. கிராம்பு, கிராம்புன்னு எழுதி எழுதிக் காசாக்கினியே, அந்தக் கிராம்பை அவர் சட்டைப் பையில போட்டு அனுப்பினதே நான்தான். அக்காகிட்டப் போறதுக்கு முன்னாடி நாலு மென்னுக்கோங்கப்பான்னு."

அக்கா நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள்.

தங்கச்சி எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தை எடுத்தாள். அவள் அடித்த எல்லாவற்றுக்கும் நறுக்கு வைத்திருப்பாள். "இதைப் படி. ஒரு பொம்பளை உனக்கு எழுதியிருந்தா, புருஷன் குடிக்கிறானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. நீ என்ன பதில் எழுதின?"

அக்கா படிக்கவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. வீட்டுக்கு வரும்போது தினமும் கிராம்போ ஏலக்காயோ மென்றுகொண்டு வந்தால் கொஞ்சம் விசாரியுங்கள், சகோதரி.

"இதை அடிச்சவ நான். அடிச்சிட்டு உன் மூஞ்சியப் பார்த்தேன். இப்பவாவது உறைக்குமான்னு. நீ அடுத்த கடுதாசியப் பிரிச்சிட்டிருந்த. ஊரான் வீட்டுக் கிராம்புன்னா விசாரிக்கணும், நம்ம வீட்டுக் கிராம்புன்னா கட்டுரை எழுதணும், இல்ல? ஈரல் கெட்டுத்தான் செத்தார். மஞ்சக்காமாலைன்னு சொன்னேன், சரின்னு எழுதிக்கிட்ட. எதனால வந்துச்சுன்னு ஒரு கேள்வி கேட்டியா? நாடு பூரா உன்னைக் கேள்வி கேக்குது, நீ உன்னை ஒரு கேள்வி கேட்டதில்ல."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அது அப்பாவுக்காகவா, மாட்டிக்கொண்டதற்காகவா என்று அவளுக்கே நிச்சயமில்லை. எழுதினாள்: "என்னிடம் சொல்லியிருக்கலாமே. ஊர் கேட்க, எவளோ ஒருத்தி வாயால்தான் சொல்ல வேண்டுமா? நம்பித்தானே கொடுத்தேன்."

"உன்கிட்டச் சொல்றதா?" தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. "நான் சொல்றதுக்கு, நீ எப்பக்கா வாய மூடின? இந்த முப்பது நாள்தான். நீயே படிச்சா அந்த வரியக் கண்டதும் அடிச்சிடுவ. அதான் வேற ஆளைப் படிக்கச் சொன்னேன். நான் செஞ்சது துரோகம்தான். இல்லேன்னு சொல்லல. முப்பது வருஷம் என் விரலாலயே பொய்ய அடிச்சேன், ஒரே ஒரு வரி எனக்காக அடிச்சுக்கிட்டேன். முப்பத்தொண்ணாம் நாள் நீதானே பேசப்போற? முதல் ஆளே அதைத்தான் கேப்பான். என் தங்கச்சி பொய் சொல்லிட்டான்னு சொல்லு. இல்ல, நெசம்தான்னு சொல்லு. உன் கதை, நீயே முடி."

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாதிப் படியில் நின்றாள். மேலே மிஷின் சத்தம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

மிச்ச நாளெல்லாம் அவள் யாருக்கும் ஒன்றும் எழுதிக் காட்டவில்லை. மேஜை டிராயரைத் திறப்பாள், மூடுவாள். ஒரு நாள் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அப்பா வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சாய்ந்து, விடுதி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார் எப்போதும். அந்தத் தூணை அவள் எதிலும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை? துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள்.

முப்பத்தோராம் நாள் காலை டாக்டர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "பேசலாம். மெதுவா. முதல் வார்த்தை என்ன சொல்லப்போறீங்க?" அக்கா நோட்டில் எழுதினாள்: "பிறகு." முதல் வார்த்தையை வீணாக்க அவளுக்கு மனசில்லை.

நிலையத்தில் செய்தி வாசிக்கிற பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கட்டைவிரலை உயர்த்தினான். மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணி. சிவப்பு விளக்கு எரிந்தது. போன் வந்தது.

"அக்கா, வணக்கம்க்கா. குரல் சரியாயிடுச்சாக்கா? பத்து நாளும் கேட்டேன்க்கா. ஒண்ணே ஒண்ணுதான். உங்க அப்பா... அன்னைக்கு ரேடியோவுல சொன்னாங்களே. தண்ணி போடுவாருன்னு. அது நெசமாக்கா? ஏன்னா எங்க வீட்லயும் அப்படித்தான்க்கா. உங்களுக்கே அப்படின்னா எனக்குக் கொஞ்சம்..."

அந்தப் பெண் முடிக்கவில்லை. காத்திருந்தாள். அக்கா டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தங்கச்சியும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதை அக்கா நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"அடியம்மா" என்றாள். முதல் வார்த்தை. குரல் முன்னைவிடக் கனமாக, நன்றாகவே வந்தது. அது நன்றாக வந்ததுதான் வினை. "அந்தத் தண்ணி எங்கப்பா தண்ணி இல்லம்மா. நான் குடிக்கிற தண்ணி. படிக்கும்போது தொண்டை அடைக்குமேன்னு ஓரத்துல தண்ணின்னு எழுதி வைப்பேன். அடிச்சவங்க அதை வரிக்குள்ள போட்டுட்டாங்க. வரி மொட்டையா நிக்குதேன்னு கை தானா ஒரு 'போட்டுவிட்டு'ன்னும் சேர்த்துக்கிச்சு. பாவம், வயசாகுது, கண்ணு சரியாத் தெரியறதில்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செய்தி வாசிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் இருந்த பெண்ணும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. "அப்படியாக்கா. சரிக்கா. நான்கூட..." என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் வந்த போனெல்லாம் அந்தத் தண்ணியைப் பற்றித்தான். நாற்பது வருஷத்தில் இப்படிச் சிரித்த நிகழ்ச்சி இல்லை என்றார்கள்.

சாயங்காலம் அக்கா தையற்கடைப் படி ஏறினாள். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தாள். அப்பா பேர், ஊர் வாய், நாற்பது வருஷம், நீயும்தானே எனக்குத் துரோகம் செய்தாய். குரல் வந்துவிட்டது, இனிச் சொல்லிவிடலாம்.

கதவு திறந்தே இருந்தது. மிஷினுக்கு உறை போட்டு, உறையின் மேல் கயிறு கட்டியிருந்தது. அக்காவின் பென்சில் தாள்கள் முப்பது வருஷத்துக் கட்டும் வாசலோரம் அடுக்கியிருந்தன.

"இங்க பாரும்மா" என்று அக்கா ஆரம்பித்தாள்.

தங்கச்சி ஒரு டம்ளர் நிறைய தண்ணி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இந்தா. உன் தண்ணி" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காவுக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் தண்ணியைக் குடித்தால்தான் பேச்சு வரும். கையைக் கொண்டுபோனாள். தொட முடியவில்லை.